மறு: தலைக்கவச கேமராவின் பைட் சுவிட்ச்: கடிவிசையா, கடிசொடுக்கியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> பைட் சுவிட்ச் = கடிவிசை. சுருக்கமாக இருக்கிறது, பட்டியலில் ஏற்றிவிடலாமா?

நம் ஸ்கைடைவிங் குறிப்பேட்டின் கலைச்சொல் பட்டியலில் இதை ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பைட் சுவிட்ச் என்பது, விமானத்திலிருந்து குதிப்பவர் தலைக்கவச கேமராவை இயக்கப் பல்லால் கடிக்கும் சிறு பொத்தான். தாடை எவ்வளவு வலுவாகக் கடிக்கிறது என்ற அளவைத்தான் பல் மருத்துவமும் விலங்கியலும் கடிவிசை என்கின்றன. துறைக்கு ஒரு பொருள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட விட்டுவிடலாம். ஆனால் நம் ஸ்கைடைவிங் குறிப்பேட்டிலேயே விசை என்ற சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. பாரசூட் விரியும் நொடியில் தலைமேல் இருக்கும் கேமரா பல மடங்கு கனத்துக் கழுத்தை இழுக்கிறது. அந்த இழுப்பை எழுத விசையை விட்டால் நமக்குச் சொல் கிடையாது. கழுத்துக் காயத்தைப் பற்றிய பத்தியிலும் ஒரு சிறு பொத்தானைப் பற்றிய பத்தியிலும் ஒரே சொல் வந்தால், அவசரமாகப் படிக்கிறவர் தடுமாறுவார்.

இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கருவியைச் சொல்லிவிடுகிறேன். வயிறு தரையை நோக்க விழுகிறவரின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 200 கி.மீ. அந்த வேகத்தில் கைகளும் கால்களும்தான் சுக்கான். படம் எடுக்க ஒரு கையைத் தலைக்குக் கொண்டுபோனால் உடல் ஒருபக்கமாகச் சாய்ந்து சுழலத் தொடங்கும். அதனால் கேமராவைத் தலைக்கவசத்தின் உச்சியிலோ பக்கவாட்டிலோ திருகி, அதன் ரிமோட் துளையிலிருந்து ஒரு ஒயரை வாய்க்குக் கொண்டுவருகிறார்கள். ஒயரின் நுனியில் பற்களுக்கிடையே பிடித்துக்கொள்ளும் சிறு பொத்தான். கடித்தால் ஷட்டர் திறக்கும். ஊதினால் இயங்குவது, நாக்கால் அழுத்துவது என்றும் வகைகள் உண்டு. பார்வைக்கு, ஒரு கண்ணின் முன்னால் வளையக் கோடுகள் தெரியும் சிறு குறிவில்லை. இதற்குக் குறிவளையம் என்று முன்பே முடிவு செய்தோம். அதில் எனக்கு மறுப்பில்லை.

> எங்கள் பாடநூல்களில் சுவிட்சுக்கு ஆளி என்றுதான் படித்தோம். கடியாளி என்று வைக்கலாமே?

யாழ்ப்பாணத்து அன்பர் சொல்வதை மதிக்கிறேன். இலங்கைப் பாடநூல்களில் ஆளி நன்றாக வேரூன்றிய சொல். தனியாக நிற்கும்போது தமிழகமும் அதை எடுத்துக்கொள்ளலாம் என்பதே என் விருப்பம். கூட்டுச்சொல்லில்தான் சிக்கல் வருகிறது. போராளி, படைப்பாளி, நோயாளி என்று பழகிய காதுக்குக் கடியாளி என்றால் கடிக்கிற ஆள்தான். பிரித்துக் 'கடி ஆளி' என்று எழுதினாலும் பேசும்போது சேர்ந்துவிடும்.

பற்பொத்தான் என்பதும் வந்தது. பற்சக்கரம் என்ற சொல்லில் பல் எந்திரத்தினுடையது. அந்தப் பழக்கத்தில் இதைப் படிப்பவர் பல் வைத்த பொத்தான் என்றே எண்ணுவார்.

என் பரிந்துரை கடிசொடுக்கி. கடிக்கப்படுவது கடிசொடுக்கி, குடிக்கப்படும் நீர் குடிநீர் ஆவதுபோல. வினைத்தொகை என்பதால் நடுவில் வல்லினம் மிகாது. கடிச்சொடுக்கி என்று எழுதக்கூடாது. சொடுக்கு என்பது கணினிச் சுட்டியோடு ஏற்கெனவே பழகிய சொல். படம் எடுப்பதையே கிளிக் என்று சொல்லும் கேமராக்காரர்களுக்கு அது அந்நியமாகவும் இராது. இதைவிட முக்கியம், சொல் குட்டி போட வேண்டும். ஊதி இயக்குவது ஊதுசொடுக்கி, நாக்கால் இயக்குவது நாச்சொடுக்கி, தரையில் பயன்படுத்தும் சாதாரண ஒயர் ரிமோட் கைச்சொடுக்கி. இரண்டு படி கொண்ட பொத்தானில் முதல் அழுத்தம் அரைக்கடி, அடுத்தது முழுக்கடி. அரைக்கடியில் ஃபோகஸ், முழுக்கடியில் ஷட்டர். இந்த இரண்டும் குதிப்பவர்கள் வாயில் தானாகவே வந்துவிடும் என்று நம்புகிறேன்.

இனி, கேமரா இயங்காதபோது பார்க்க வேண்டியவற்றைச் சொல்லும் நம் அட்டவணையின் தலைப்பு. 'பழுது நீக்கல்' என்று இட்டிருக்கிறோம். நான் பழுதறிதல் என்று மாற்றச் சொல்கிறேன். 'படம் விழவில்லை' என்று வருகிறவர் எடுத்த எடுப்பில் கடிசொடுக்கியைக் குற்றம் சொல்வார். பெரும்பாலும் அது குற்றவாளியே அல்ல. நீக்குவதற்கு முன் பழுது எங்கே என்று அறிய வேண்டும்.

முதலில் கேமராவின் தூக்கம். விமானம் 13,000 அடிக்கு ஏற எடுத்துக்கொள்ளும் நேரத்தில் கேமரா தானாக அணைந்துவிடும். கதவருகே முதல் கடி அதை எழுப்ப மட்டுமே செலவாகும். வெளியேறும் காட்சி போயே போயிற்று. மெனுவில் தானணைவை நிறுத்திவைப்பது தரையிலேயே செய்ய வேண்டிய வேலை. அடுத்தது ஃபோகஸ். வெறும் நீலவானத்தில் பிடிப்பதற்கு விளிம்பு எதுவும் கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும். ஃபோகஸ் கிடைக்காமல் ஷட்டரைத் திறக்கக்கூடாது என்று கேமராவை அமைத்திருந்தால் எத்தனை முறை கடித்தாலும் அது அசையாது. இதற்குத் தீர்வு கைவச ஃபோகஸ். சிறு சென்சார் கொண்ட கேமராவில் 15 மி.மீ. லென்ஸின் ஒளித்திறப்பை எஃப்/8-இல் வைத்து ஒன்றரை மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால் முக்கால் மீட்டர் முதல் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை தெளிவாக இருக்கும். அதன்பின் வளையத்தை டேப்பால் ஒட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்றும் அதிர்வும் அதை நகர்த்திவிடும்.

மூன்றாவது ஏமாற்று, படங்கள் அட்டைக்குப் போகுமுன் தங்கும் கேமராவின் இடைநினைவகம். விடாமல் கடித்துக்கொண்டே இருந்தால் அது நிரம்பி, அட்டைக்கு எழுதி முடிக்கும்வரை கேமரா நின்றுவிடும். குதிப்பவருக்கு அது சொடுக்கி செத்துப்போனது போலவே தோன்றும். எச்சில் புகுந்து பொத்தான் உள்ளுக்குள்ளேயே இணைந்தபடி நின்றுவிட்டாலும் இதே விளைவுதான். இவை எதுவும் இல்லை என்றான பிறகே ஒயரைப் பார்க்க வேண்டும். கைச்சொடுக்கியைச் சொருகிப் பாருங்கள். படம் விழுந்தால் பழுது வாய்ப்பக்கம். கேனானின் தொடக்கநிலை மாடல்கள் பலவற்றில் துளை 2.5 மி.மீ.; சொருகியின் முனை ஷட்டருக்கு, நடுவளையம் ஃபோகஸுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான இணைப்புக்கு. மல்டிமீட்டரின் ஒரு கம்பியை முனையிலும் மற்றொன்றை அடிப்பகுதியிலும் வைத்துக்கொண்டு கடித்தால் பீப் வர வேண்டும். வராவிட்டால், ஒயர் அடிக்கடி மடங்கும் இரண்டு இடங்களைப் பாருங்கள்: உதட்டோரம், சொருகியின் கழுத்து.

இந்த இடத்தில்தான் இன்னொரு சொல் தேவைப்படுகிறது. ஃபிளாஷ் பொருத்தும் தடத்தின் நடுமுனை, ஷட்டர் திறக்கும் ஒவ்வொரு முறையும் மின்னிணைப்பு தரும். அதிலிருந்து ஒயர் எடுத்துக் கண்ணோரத்தில் ஒரு சிறு எல்.இ.டி. வைத்துக்கொள்கிறார்கள். 'காட்டிவிளக்கு' என்று முன்வைத்திருக்கிறீர்கள். எதைக் காட்டுகிறது என்று அதில் இல்லை. மின்கலம் இருப்பதைக் காட்டும் விளக்கும் காட்டிவிளக்குதான். இது கடித்ததற்கு அல்ல, ஷட்டர் திறந்ததற்குச் சாட்சி. ஆகவே சான்றொளி என்கிறேன். கடித்தும் சான்றொளி வரவில்லை என்றால் மேலே சொன்ன பட்டியலுக்குப் போக வேண்டும். சான்றொளி வந்தும் படம் மங்கல் என்றால் சொடுக்கியைத் தொடவே வேண்டாம். லென்ஸில் பனி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே குளிர்ந்த கண்ணாடி கீழே ஈரக்காற்றுக்குள் இறங்கும்போது வியர்க்கும்.

பழுதறிதல் என்ற தலைப்பின் கீழ் 'காற்றில்' என்று ஒரு பகுதி சேர்க்கும் யோசனையை மட்டும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். கதவைவிட்டு வெளியேறியபின் கையில் இருப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். பத்து நொடி கேமராவைப் பற்றி யோசித்தால் 1,800 அடி கீழே வந்திருப்போம். அமெரிக்கப் பாரசூட் சங்கம் கேமராவோடு குதிப்பவருக்குக் குறைந்தது 200 குதிப்புகளின் அனுபவத்தைப் பரிந்துரைப்பது சும்மா அல்ல. 1988-இல் வட கரோலினாவில், நூற்றுக்கணக்கான முறை குதித்த ஒருவர் வீடியோக் கருவியை அணிந்துகொண்டு பாரசூட்டை அணியாமலே விமானத்திலிருந்து குதித்துவிட்டார், இறந்தும் போனார். கருவி மனத்தை எந்த அளவுக்கு இழுத்துக்கொள்ளும் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டாம். ஆகவே காற்றில் செய்யக்கூடியது ஒன்றே: மறுபடி ஒருமுறை கடித்துச் சான்றொளியைப் பார். வரவில்லையென்றால் கேமராவை மறந்துவிட்டுக் குதிப்பை முடி. இந்த வரி அட்டவணைக்குள் வேண்டாம். அதற்கு மேலே, தனியாக, தடித்த எழுத்தில் வர வேண்டும்.

பாரசூட் விரியும்வரை விழுவதற்கு (ஃப்ரீ ஃபால்) இழையில் அம்மா ஒருவர் எழுப்பிய 'தடையிலா வீழ்ச்சி' பற்றி ஒரு சொல். இயற்பியலில் அது காற்றுத்தடை இல்லாத வீழ்ச்சி. இங்கே முற்றுத் திசைவேகம், அதாவது மேலும் கூடாமல் நிலைத்துவிடும் வேகம், வருவதே காற்றுத்தடையால்தான். எனவே பொருந்தாது. வெறுவீழ்ச்சி என்று நான் எழுதிவருகிறேன். அதற்கு இழை தனியாகத் தொடங்குவோம்.

கடிசொடுக்கி, அரைக்கடி, முழுக்கடி, சான்றொளி, பழுதறிதல். இந்த ஐந்துக்கும் மறுப்பு இருந்தால் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். 'கடியாளி (இலங்கை வழக்கு)' என்று பக்கத்தில் குறிப்பதில் யாழ்ப்பாணத்து அன்பருக்குச் சம்மதமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

அன்புடன்