பால் பைத்தான் பெட்டை 1530 கிராம்: இணை சேர்க்கலாமா, பொறுக்கவா?

அந்திப்பொழுது (கேள்வி)

வணக்கம். என்னிடம் ஒரு பெட்டை பால் பைத்தான் (ball python, ஒரு வகை மலைப்பாம்பு) இருக்கிறாள். வயது 22 மாதம். நேற்று தராசு 1530 கிராம் காட்டியது. ஆண் தனிப் பெட்டியில் இருக்கிறான், ஒன்றரை வயது, 720 கிராம்.

"பெட்டை 1500 தாண்டினால் ஆணை விடலாம்" என்றுதான் கேட்ட இடமெல்லாம் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் இவள் தேறிவிட்டாள். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. வயது குறைவு என்பது ஒன்று. இன்னொன்று, போன வருடம் இந்த நேரம் இவள் 600 கிராம்கூட இல்லை. ஐந்து நாளைக்கு ஒரு எலி என்று கொடுத்துத்தான் இந்த எடைக்கு ஏற்றினேன். அது சரியா தப்பா என்றும் தெரியவில்லை.

இந்த வாரமே விடலாமா?

மண்ணுளி

ஆண் 720 தாராளம், அவனைப் பற்றிக் கவலை வேண்டாம். பேச வேண்டியது பெட்டையைப் பற்றித்தான்.

கடைசியாக எப்போது இரை எடுத்தாள்? அதற்குப் பிறகு கழிந்தாளா? எதில் வைத்து எடை போட்டீர்கள், அதன் எடையைக் கழித்தீர்களா? நீளம் எவ்வளவு?

1500 என்பது வளர்ப்பவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட கைக்கணக்கு. அதுவும் வெறும் வயிற்று எடை. முட்டை ஒன்று சுமார் 80, 90 கிராம் வரும். ஓர் ஈட்டுக்கு ஆறு என்று வைத்தால் 500 கிராம் ஒரே மூச்சில் உடம்பைவிட்டு இறங்குகிறது. 1500-ல் மூன்றில் ஒரு பங்கு! போதாததற்கு, சினைக்காலத்தின் பின்பாதியில் பெரும்பாலான பெட்டைகள் எலியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. முட்டையைச் சுற்றிப் படுத்து அடைகாக்க விட்டால் அந்த இரண்டு மாதமும் பட்டினிதான். மஞ்சள்கருவாகப் போவதும் சரி, பட்டினியில் கரைவதும் சரி, எல்லாம் அவள் முன்கூட்டியே சேர்த்துவைத்த கொழுப்பு.

அதனால் ஒரு பெட்டையைத் தராசில் வைத்தால் நான் 500-ஐக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் பார்ப்பேன்.

கருஞ்செதில்

இவ்வளவு யோசிக்கணுமா ப்ரோ? என்னோடது 1300-லதான் விட்டேன். நாலு முட்டை, நாலும் பொரிச்சது. தாயும் நல்லாத்தான் இருக்கு. எண்ணைப் பார்த்துப் பயந்தா வேலைக்கு ஆகாது.

இரவாடி

கருஞ்செதில் தம்பிக்கு அமைந்தது எனக்கு அமையவில்லை. நான் விட்டது 1380-ல். ஆறு முட்டை, அதில் இரண்டு கூமுட்டை: மஞ்சளாக, சுருங்கி, மெழுகு உருண்டை மாதிரி. அதற்குக்கூட நான் வருத்தப்படவில்லை. முட்டைகளை எடுத்துவிட்டுத் தாயைத் தூக்கினேன் பாருங்கள், கையில் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. 860 கிராம். முதுகெலும்பு கூரை முகடு மாதிரி துருத்திக்கொண்டு, இரண்டு பக்கமும் தோல் சரிந்து மடிந்து கிடந்தது.

எலியைக் காட்டினால் தலையை உள்ளே இழுத்துக்கொள்வாள். ஏழு வாரம் கழித்துத்தான் முதல் இரை, அதுவும் சின்ன எலி. பழைய எடைக்கு வர 14 மாதம் ஆனது. அடுத்த பருவம் முழுக்கப் போச்சு. ஒரு வருடம் மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு வருடம் விட்டேன்.

கருஞ்செதில், உங்கள் பெட்டைக்கு அப்போது என்ன வயது?

கருஞ்செதில்

நாலு முடிஞ்சு அஞ்சு நடக்குது அக்கா. சின்ன உடம்புக்காரி, அதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது.

மண்ணுளி

அதுதானே பார்த்தேன். நாலு வயதில் 1300 என்றால் அது அவளுடைய முழு உடம்பு. வளர்ச்சி முடிந்துவிட்டது, தின்பதெல்லாம் சேமிப்புக்குப் போகும். 22 மாதத்துக்காரி இன்னும் எலும்புக்கும் தசைக்கும் செலவழித்துக்கொண்டிருப்பாள். இரண்டு பேரையும் ஒரே எண்ணால் அளக்க முடியாது.

செதிலாடை

குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும், எனக்குத் தலைகீழ்ப் பிரச்சினை. 7 வயதுப் பெட்டை, 2700 கிராம். மூன்று பருவமாக இணை சேர்கிறது, வருவதெல்லாம் கூமுட்டை. எடை அதிகமானதாலா?

(வீட்டில் "பால் பைத்தான்" என்று சொன்ன நாள் முதல் அதற்குக் கிண்ணத்தில் பால் வைக்கச் சொல்கிறார்கள். பந்து மாதிரி சுருள்வதால் வந்த பெயர் என்று எத்தனை தடவைதான் விளக்குவது!)

மண்ணுளி

2700 சில பெட்டைகளுக்கு இயல்பான எடையே. முதலில் உருவத்தைப் பாருங்கள். வாலுக்கு மேலே, கழிவுத்துளையை ஒட்டி, இரண்டு பக்கமும் மெத்துமெத்தென்று புடைத்திருக்கிறதா? நேராகக் கிடக்கும்போதே செதில்களுக்கு நடுவே தோல் தெரிகிறதா? வளையும் இடத்தில் தசை மடிப்பு விழுகிறதா? ஆம் என்றால் அது கொழுப்பு. அளவு மீறினால் கல்லீரலில் கொழுப்பு படியும், முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் கூடும்.

ஆனால் மூன்று பருவமும் கூமுட்டை என்றால் எடைமேல் மட்டும் பழி போடாதீர்கள். அடுத்த முறை வேறு ஆணை விட்டுப் பாருங்கள். பெட்டியின் சூடான பக்கம் உண்மையில் 31, 32 டிகிரிதானா என்று வெப்பமானியை மாற்றி ஒரு தடவை சரிபாருங்கள். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் ஒரு ஸ்கேன் எடுத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

அந்திப்பொழுது

எல்லோருக்கும் நன்றி. பதில் தர 11 நாள் ஆகிவிட்டது, அவள் கழியட்டும் என்று காத்திருந்தேன்.

முதல் அசடு: துணிப்பையில் போட்டுத்தான் எடை போட்டிருக்கிறேன், பையைக் கழிக்கவே இல்லை. பை மட்டும் 45 கிராம். இரண்டாவது: அதற்கு முந்தின நாள்தான் 90 கிராம் எலி விழுங்கியிருந்தாள், மூன்று வாரமாகக் கழியவும் இல்லை. முந்தாநாள் இரவு ஒருவழியாகக் கழிந்தாள். சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாகவும் ஒன்று வந்தது. நேற்றுக் காலை பையைக் கழித்துப் பார்த்தால் 1370.

நீளம் எடுக்கப் பெரும்பாடு. கடைசியில் முதுகோடு நூல் பிடித்து அளந்தேன்: 105 சென்டிமீட்டர். மண்ணுளி அண்ணா செதிலாடைக்குச் சொன்ன அறிகுறிகளையும் பார்த்தேன். நேராகக் கிடக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. வளைந்தால் பக்கவாட்டில் இரண்டு மடிப்பு விழுகிறது. வால் பக்கம் கொஞ்சம் புடைப்பு. அப்படியென்றால் இவள் குண்டா, ஒல்லியா?

மண்ணுளி

வயதுக்கு உடம்பு குட்டை, உடம்புக்குச் சதை அதிகம். ஐந்து நாளைக்கு ஒரு எலி செய்த வேலை இது. எலும்பு அதன் வேகத்தில்தான் நீளும், அவசரத்தில் கொடுத்ததெல்லாம் கொழுப்பாகத் தங்கிவிட்டது. வளர்ந்த பெட்டைகள் பொதுவாக 120 முதல் 150 சென்டிமீட்டர். இவள் இன்னும் நீள வேண்டும்.

என் கருத்து, இந்தப் பருவம் ஆணை விடவேண்டாம்.

பயந்துபோய் ஒரேயடியாகப் பட்டினியும் போடாதீர்கள். 70 கிராம் அளவில் ஒரு எலி, 10 முதல் 14 நாளைக்கு ஒரு தடவை. எடை ஒன்றிரண்டு மாதம் அப்படியே நிற்கும், நிற்கட்டும், நீளம் ஏறும். மாதம் ஒரு முறை, கழிந்த மறுநாள், அதே தராசில் போட்டு எழுதிவையுங்கள். அடுத்த பருவத்தில் மூன்று வயதை நெருங்கும்போது வெறும் வயிற்றில் 1600 பக்கம் இருந்து, குறுக்குவெட்டில் முனை மழுங்கிய முக்கோணம் மாதிரி, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டும் துருத்தாமலும் இருந்தால் தயங்காமல் விடுங்கள்.

இரவாடி

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். அவளே குறிப்பும் காட்டுவாள். தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றிப் படுப்பாள், குளிர்ந்த பக்கமே கதி என்று கிடப்பாள், நிறம் கொஞ்சம் வெளுக்கும். உள்ளே முட்டைக்கரு வளர்கிறது என்று அர்த்தம். கருமுட்டை சினைப்பையிலிருந்து வெளிப்படும் அன்று நடு உடம்பு எலி விழுங்கியது போலப் புடைக்கும். அதிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் சட்டை உரிப்பாள், உரித்த நாளிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் முட்டை. அந்தக் காலத்தில் தூக்கித் தூக்கி எடை பார்க்கவேண்டாம். நான் பார்த்தேன், அவளுக்கும் எரிச்சல், எனக்கும் பதற்றம்.

முட்டையிட்ட பிறகு ஒரு வருடம் ஓய்வு கொடுப்பது என் வழக்கம். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. 860-ஐக் கண்ணால் பார்த்த பிறகு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கருஞ்செதில்

நானும் நேத்து வெறும் வயித்துல போட்டுப் பார்த்தேன். 1240. இந்த வருஷம் அவளுக்கும் லீவுதான் அக்கா.

அந்திப்பொழுது

சரி, அடுத்த பருவம்தான். ஆண் பெட்டியை வேறு அலமாரிக்கு மாற்றிவிட்டேன். பெட்டையின் பெட்டி மூடியில் பெரிய எழுத்தில் "பை 45 கிராம்" என்று எழுதி ஒட்டியாயிற்று.