வேலைக்காகக் குடும்பத்தோடு வெளிமாநிலம் போகலாமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஒரகடம்வாசி:
சாக்கனில் வேலை கிடைத்திருக்கிறது. புனே பக்கம், நம் ஆட்டோமொபைல் ஆட்களுக்குத் தெரியாத ஊர் இல்லை. இதே டூல் ரூம் (அச்சு, கருவி செய்யும் பிரிவு) வேலைதான், சம்பளம் இப்போது வாங்குவதில் ஒன்றரை மடங்கு. வீட்டில் எல்லாரும் சரி சொல்லியாயிற்று. டி.சி. கேட்கப் போன இடத்தில்தான் சிக்கிக்கொண்டேன்.

மகள் ஏழாவது படிக்கிறாள், அரசுப் பள்ளி. தலைமையாசிரியை என் கடிதத்தைப் படித்தார், பேனா மூடியைக் கழற்றினார், மறுபடி மூடி வைத்துவிட்டார். "ஏழரை சதவீதத்தை யோசிச்சீங்களா சார்?" என்றார். மருத்துவம், பொறியியல் மாதிரிப் படிப்புகளில், ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை இங்கே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் அந்த உள் ஒதுக்கீடு. புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிப் பெண்களுக்கு வரும் மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் அதே கணக்கு. "இவ கணக்கு மார்க்கை நீங்க பார்த்திருக்கீங்கல்ல?" என்று வேறு கேட்டார்.

மகள் பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள். திரும்பும்போது வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் என்ன கேட்பதென்று தெரியவில்லை, தேவையே இல்லாமல் பங்க்கில் நிறுத்திப் பெட்ரோல் போட்டேன்.

போனவர்கள், போய்த் திரும்பியவர்கள் எழுதுங்கள்.

நிக்டி அம்மா:
புனே பக்கம் நிக்டிக்கு நாங்கள் வந்த புதிதில் பையன் இரண்டாவது. பக்கத்துத் தெரு, ஃபீஸும் குறைவு என்று செமி இங்கிலீஷ் பள்ளியில் போட்டோம். கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில், மற்றதெல்லாம் மராத்தியில். டைரியில் டீச்சர் எழுதி அனுப்புவதும் மராத்திதான். எனக்கு இந்தி எழுத்தே வாசிக்க வராது. கீழே வரும் காய்கறி வண்டிக்காரரிடம் நீட்டுவேன், அவர் வாசித்துவிட்டு சைகையிலும் அரைகுறை இந்தியிலும் சொல்வார். நாளைக்குக் கலர் டிரஸ், நாளைக்கு லீவு, இப்படி.

ஒருநாள் வாசித்தவர் ஒன்றும் சொல்லவில்லை. பையனைப் பார்த்தார். அப்புறம் தன் காதைத் தொட்டுக் காட்டி, டாக்டர் டாக்டர் என்றார். மேல்வீட்டு அக்கா வந்து விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது: கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, காதைப் பரிசோதிக்கவும் என்று எழுதியிருக்கிறார்கள். அவனுக்குக் காது நன்றாகவே கேட்கும். டீச்சர் பேசுவது எதுவும் தனக்கு இல்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான்.

இன்றைக்கு அதே வண்டிக்காரரிடம் எனக்காகப் பேரம் பேசுவதே அவன்தான். ஆனால் அவனுக்கு அப்போது வயது ஏழு. உங்கள் மகளுக்குப் பன்னிரண்டு இருக்குமே.

ஓசூர்க்காரன்:
எதற்கு சார் மாநிலத்தையே மாற்றிக்கொண்டு? வீடு ஓசூரில், வேலை கர்நாடகத்துப் பொம்மசந்திராவில். பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பள்ளி, ரேஷன் கார்டு இங்கே, ஓட்டு இங்கே. என்னை மாதிரி ஆயிரக்கணக்கான பேர் தினமும் காலையில் எல்லையைத் தாண்டிப் போய் ராத்திரி திரும்புகிறோம்.

2016 செப்டம்பர் 12, காவிரிக் கலவரம் நடந்த அன்று பஸ் அத்திப்பள்ளியோடு நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கி எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஜூஜுவாடிக்கு நடந்தோம். எனக்கு முன்னால் ஒரு அம்மா, இடுப்பில் குழந்தை, கையில் பெரிய சூட்கேஸ். ஒரு சக்கரம் உடைந்து ரோட்டில் உரசிக்கொண்டே போகிறது. நான் தூக்கிட்டு வரட்டுமா என்று கேட்டேன். அந்த அம்மா திரும்பி, "தமிழ்ல சத்தமா பேசாதீங்க" என்றார். தமிழில்தான் சொன்னார்.

அன்று ராத்திரி நான் என் வீட்டில் படுத்தேன். பெங்களூரில் குடும்பத்தோடு இருந்த நண்பன் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கை அணைத்து உட்கார்ந்திருந்தான். அதனால்தான் சொல்கிறேன், ஓசூரில் தேடுங்கள்.

சனந்த் தனிக்கட்டை:
ஓசூர்க்காரரே, எல்லாருக்கும் எல்லையில் ஃபேக்டரி கட்டி வைத்திருக்கிறார்களா? அவர் கேட்பது சாக்கன்.

நான் போட்ட கணக்கு வேறு. குடும்பம் சங்கரன்கோவிலில், நான் மட்டும் குஜராத்தில். பிள்ளைகள் படிப்பு கெடவில்லை, அம்மாவுக்கும் துணை ஆயிற்று. தீபாவளி டிக்கெட்டுக்குத்தான் அல்லாட்டம். முன்பு 120 நாளுக்கு முன்னாடியே போட்டு வைக்கலாம், 2024 நவம்பரிலிருந்து 60 நாளாக்கிவிட்டார்கள். எங்களுக்கு லீவு உறுதியாவதே கடைசி நேரத்தில் என்பதால் அதில் பெரிய நஷ்டம் இல்லை.

மனசில் நிற்பது வேறு. போன பொங்கலுக்கு வந்தபோது தொட்டியில் தண்ணீர் இல்லை என்று மோட்டார் போடப் போனேன். சுவிட்சைக் காணோம். சுவர் முழுக்கத் தேடுகிறேன். சின்னவன் வந்து ஃபிரிட்ஜ் பின்னால் கையை விட்டுப் போட்டான். "அதை மாத்தி ரொம்ப நாளாச்சுப்பா. பத்து நிமிஷத்துல நிறுத்திரணும், காயில் போயிரும்" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தான். அந்த மோட்டாரை வாங்கிப் போட்டவனே நான்தான்.

ஓய்வுபெற்ற வங்கியாளர்:
நான் ராய்ப்பூர், விஜயவாடா என்று சுற்றியவன். ராய்ப்பூரில் ஒரு டிராஃபிக் கான்ஸ்டபிள் என் தமிழ்நாட்டு ஸ்கூட்டரை நிறுத்தி, நம்பர் பிளேட்டைத் துண்டால் துடைத்து வாசித்து, "இத்தனை தூரம் ஓட்டிக்கிட்டா வந்தீங்க?" என்று கேட்டார். கேலியா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது. அது கிடக்கட்டும். போவது என்று முடிவானால் இவற்றைக் கவனியுங்கள்.

வண்டியை அங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்யவேண்டும். கிளம்பும் முன்பே இங்குள்ள ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்கிவிடுங்கள், வங்கிக் கடன் இருந்தால் வங்கிக் கடிதமும் சேர்த்து. அங்கே வரி கட்டிய பிறகு இங்கே கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். வருவதற்கு நாளாகும், பொறுமை வேண்டும். பழைய பைக் என்றால் விற்றுவிட்டுப் போவதே உத்தமம்.

ரேஷன் கார்டை ஒப்படைக்காதீர்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் என்று அங்கே கைரேகை வைத்து வாங்க வழி இருக்கிறது. ஆனால் மத்திய அரசின் தானியம்தான் கிடைக்கும், நம் துவரம்பருப்பும் பாமாயிலும் அங்கே வராது.

மகாராஷ்டிராவில் வாடகை ஒப்பந்தத்தைப் பெரும்பாலும் 11 மாதத்துக்குப் போடுவார்கள், லீவ் அண்ட் லைசென்ஸ் என்பார்கள். அதைப் பதிவு செய்தே ஆகவேண்டும். ஓனர் வேண்டாம் என்றாலும் விடாதீர்கள், கேஸ் இணைப்பு, பள்ளி, வங்கி எல்லாவற்றுக்கும் முகவரிச் சான்று அதுதான். போலீஸ் வெரிஃபிகேஷனும் உண்டு. பி.எஃப். பழைய கணக்கு எண்ணிலேயே (யு.ஏ.என்.) தொடரட்டும், பணத்தை எடுக்காதீர்கள்.

ஏழரை சதவீதம் என்பது லாட்டரி மாதிரி. அதை நம்பி யாராவது கையில் இருக்கும் சம்பளத்தை விடுவார்களா?

பதினோராம் வகுப்பு டீச்சர்:
ஐயா, வண்டி விஷயம் எல்லாம் சரி. லாட்டரி என்று சொன்னதை ஒத்துக்கொள்ள முடியாது. 2020-இல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார்கள், அடுத்த வருஷமே பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் என்று மற்றப் படிப்புகளுக்கும் வந்துவிட்டது. அதில் சேரும் பிள்ளைகளுக்குக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நீட் எழுதித் தேறவேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பொறியியலுக்கு நீட் கிடையாதே?

என்னிடம் படித்த ஒரு பெண், அப்பா அம்மா வேலைக்காக ஒன்பதாவதும் பத்தாவதும் கேரளத்தில் படித்துவிட்டு பதினொன்றுக்குத் திரும்பி வந்தாள். கவுன்சலிங் நேரத்தில் படிப்புச் சான்றிதழ் கேட்டு வந்தபோது, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு கட்டம் இருந்த அந்தத் தாளை நான்தான் நிரப்பினேன். ஒன்பதுக்கும் பத்துக்கும் கேரளப் பள்ளியின் பெயரை எழுதும்போது, "மிஸ், அதைக் கடைசியா எழுதுறீங்களா?" என்றாள். எழுதும் வரிசையை மாற்றி என்ன ஆகப்போகிறது? கேட்டாள், அப்படியே செய்தேன்.

ஒரகடம்வாசி, போகவே கூடாது என்று சொல்லவில்லை. வெளியே படித்தாலும் நேட்டிவிட்டி சான்றிதழ் வைத்துப் பொதுக் கவுன்சலிங்கில் விண்ணப்பிக்கலாம். கைவிட்டுப் போவது அந்த ஏழரை சதவீதம்தான்.

ஓசூர்க்காரன்:
தனிக்கட்டை அண்ணே, நான் சாக்கன் வேண்டாம் என்று சொல்லவில்லை. டூல் ரூம் ஆளுக்கு ஓசூரிலும் வேலை இருக்கிறது என்றுதான் சொன்னேன். ஒன்றரை மடங்கு கிடைக்காது, அது உண்மை.

ஒரகடம்வாசி:
ஓசூரிலும் விசாரித்தேன், இப்போது வாங்குவதைவிடக் கொஞ்சம்தான் கூட. நிக்டி அம்மா, ஏழாவது முடித்து வரும் பிள்ளையை அங்கே எந்தப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள்? மராத்தி கட்டாயம் என்கிறார்களே?

நிக்டி அம்மா:
கட்டாயம்தான். 2020-இல் சட்டமே போட்டுவிட்டார்கள், சி.பி.எஸ்.இ. பள்ளியிலும் மராத்தி உண்டு. செமி இங்கிலீஷ் பக்கம் போகாதீர்கள், எட்டாவதில் வரலாறு புவியியல் எல்லாம் மராத்தியில் என்றால் அவள் திணறிப்போவாள். முழு ஆங்கிலப் பள்ளியாகப் பாருங்கள். டி.சி.யில் மாவட்டக் கல்வி அலுவலர் மேலொப்பம் வாங்கிவிட்டு வாருங்கள், அது இல்லை என்று எங்கள் மாடியில் ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள். இங்கே பள்ளி திறப்பது ஜூன் நடுவில். மே மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், இரண்டு மூன்று பள்ளிகளை அவளே பார்க்கட்டும், என் பையனை அனுப்பி வைக்கிறேன். பேசுவதற்கு அவன் இருக்கிறான்.