அப்பாவின் பணம் போய் மூன்று மாதம் ஆகிறது, போலீசால் ஏன் பிடிக்க முடியவில்லை?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஓய்வு பெற்ற வாத்தியார், வயது 71. மூன்று மாதம் முன்னால் ஒரு நாள் காலையில் அவருக்கு வீடியோ கால் வந்திருக்கிறது. போலீஸ் உடுப்பில் ஒருவன், பின்னால் கொடி, மேசை எல்லாம் இருந்ததாம். உங்கள் ஆதாரை வைத்து யாரோ சிம் வாங்கிக் கறுப்புப் பணம் கைமாற்றியிருக்கிறார்கள், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், போனை வைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று மிரட்டி, பொழுது சாயும் வரை அறைக்குள்ளேயே உட்கார வைத்து, டெபாசிட்டை உடைத்து 6 லட்சத்தை அனுப்ப வைத்துவிட்டான். அம்மா இரண்டு தடவை கதவைத் தட்டியும் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்ததே மறுநாள் மதியம்தான். அதற்கப்புறம்தான் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்குப் போன் செய்தோம்.

உள்ளூர் ஸ்டேஷனில் இது சைபர் கிரைமுக்குப் போக வேண்டிய விஷயம் என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே முதலில் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனு வாங்கியதற்கான சீட்டு மட்டும் கொடுத்தார்கள், எஃப்.ஐ.ஆர். போட இரண்டு வாரம் ஆனது. இப்போது கேட்டால் பணம் போன கணக்கு வேறு மாநிலத்தில் இருக்கிறது, லெட்டர் போட்டிருக்கிறோம் என்கிறார்கள்.

என் கேள்வி இதுதான். அக்கவுன்ட் நம்பர் இருக்கிறது, போன் நம்பர் இருக்கிறது, பேங்கில் அவன் போட்டோவும் முகவரியும் இருக்கும். இவ்வளவு இருந்தும் ஏன் முடியவில்லை? ஆள் இல்லையா, திறமை இல்லையா, அல்லது செய்ய மனசே இல்லையா? கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அப்பா சாப்பிடும்போதுகூட யாரிடமும் பேசுவதில்லை.

பழைய ஏட்டு:

தம்பி, முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், இதில் மாட்டியவர்களில் டாக்டர், வங்கி மேனேஜர், ரிட்டயர்டு அதிகாரி எல்லாரும் உண்டு. டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரிக்கும் அளவுக்கு அது பரவியிருந்தது.

நான் 30 வருஷத்துக்கு மேல் காக்கி போட்டு எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) ஆக ஓய்வு பெற்றவன், கடைசி சில வருஷம் சைபர் வேலை பார்த்தேன். நீங்கள் நினைப்பதுபோல அந்தக் கணக்கு திருடனுடையது இல்லை. எங்கோ ஒரு ஊரில் கூலி வேலை பார்ப்பவனோ காலேஜ் பையனோ சில ஆயிரத்துக்காகப் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறான். போலீஸ் அவன் வீட்டைத் தேடிப் போனால் ஓட்டு வீடும் அழுகிற அம்மாவும்தான் இருப்பார்கள். பணம் அதற்குள் நாலைந்து மாநிலம் தாண்டியிருக்கும்.

அப்புறம் ஆள் கணக்கு. நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு அனுமதிக்கப்பட்ட போலீஸ் பலமே 200க்குக் கீழே, நிஜத்தில் இருப்பது 150 சொச்சம். இருப்பவர்களில் எத்தனை பேர் விசாரணைக்கு? திருவிழா, கட்சி மாநாடு, தேர்தல், வி.ஐ.பி. வருகை என்று பந்தோபஸ்துக்கே பாதிப்பேர் போய்விடுவார்கள். அதோடு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 78ஆவது பிரிவின்படி அந்தச் சட்டத்தில் போட்ட வழக்கை இன்ஸ்பெக்டரோ அதற்கு மேலுள்ளவரோதான் விசாரிக்க முடியும். எங்கள் ஸ்டேஷனில் இருந்தது ஒரே இன்ஸ்பெக்டர். தினமும் வரும் புகார்களை ஒரு மனுஷன் எப்படிப் பார்ப்பார் சொல்லுங்கள்.

வெளிமாநிலம் போவது இன்னொரு பாடு. போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கும் துறை, ஆக ராஜஸ்தானுக்கோ ஜார்க்கண்டுக்கோ போனால் அங்குள்ள ஸ்டேஷன் ஒத்துழைத்தால்தான் கதவைத் தட்டவே முடியும். பாஷை தெரியாது. பயணப் படி பின்னால்தான் வரும், கைக்காசு போட்டு லாட்ஜில் தங்கிக் காத்திருந்திருக்கிறோம். பிடித்தாலும் அங்குள்ள மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்தி வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக அனுமதிக்கும் டிரான்சிட் வாரன்ட் வாங்கி ரயிலில் கூட்டி வர வேண்டும். திருடனுக்கு எல்லைக் கோடு எதுவும் இல்லை, எங்களுக்கு மட்டும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு கடிதம்.

ஆனால் எஃப்.ஐ.ஆருக்கு இரண்டு வாரம் இழுத்தது தப்பு, அதற்கு நான் சாக்கு சொல்லமாட்டேன். வாரன்ட் இல்லாமலே பிடித்து விசாரிக்கக்கூடிய குற்றம் என்றால் பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013லேயே சொல்லிவிட்டது. இன்னும் இழுக்கக் காரணம் என்ன தெரியுமா? மாதாமாதம் நடக்கும் கிரைம் மீட்டிங்கில் வழக்கு எண்ணிக்கை ஏறியிருந்தால் இன்ஸ்பெக்டருக்குத் திட்டு விழும். நேர்மையாகப் பதிந்தவன் திட்டு வாங்குவான், பதியாமல் அமுக்கினவன் நல்ல பேர் வாங்குவான். நான் கண்ணால் பார்த்தது இது.

கவுன்ட்டர் 3:

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். பழைய ஏட்டு சார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம் முதல் கணக்கில் விழுந்த சில நிமிஷத்திலேயே பத்து இருபது கணக்காகப் பிரிந்துவிடும். அதிலிருந்து அடுத்த அடுக்கு, அப்புறம் ஏ.டி.எம்.மில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ மாறிவிடும். அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்துக்குள் 1930க்குச் சொல்லுங்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறோம். புகார் பதிந்ததும் அது வங்கிக்கு வந்து, மிச்சம் இருக்கும் தொகையை நிறுத்தி வைப்போம். உங்கள் விஷயத்தில் ஒரு நாள் ஓடிவிட்டது, அதுதான் வருத்தம்.

எங்கள் பக்கமும் குறை இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. கணக்கு திறக்கும் டார்கெட் தலைக்கு மேல் தொங்கும்போது, வருகிறவன் யார், எதற்குக் கணக்கு என்று நிதானமாகக் கேட்கிற பொறுமை கிளையில் இல்லை. மாதம் பத்தாயிரம்கூடப் புழங்காத கணக்கில் ஒரே நாளில் லட்சக்கணக்கில் வந்து போனால் அங்கேயே தடுக்க வேண்டும், எல்லா இடத்திலும் அது நடப்பதில்லை.

இன்னொரு பக்கம் அப்பாவிகளும் நசுங்குகிறார்கள். திருட்டுப் பணத்தில் 300 ரூபாய் ஒருவன் டீக்கடையில் யு.பி.ஐ. செய்திருப்பான், எங்கோ ஒரு மாநிலத்திலிருந்து மெயில் வந்து கடைக்காரரின் மொத்தக் கணக்கும் முடங்கும். அப்படி ஒருவர் மகளின் பள்ளிக் கட்டணத்தை எடுக்க முடியாமல் என் முன்னால் நின்று அழுதார். சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் முடக்குங்கள் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் சொன்ன பிறகும் பல இடத்தில் முழுக் கணக்கையும்தான் முடக்குகிறார்கள். கணக்கை முடக்குவது சுலபம், ஆளைத் தேடுவதுதான் கஷ்டம்.

நடுத்தெரு:

மன்னிக்க வேண்டும், ஆள் இல்லை, காசு இல்லை என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். 1861இல் வெள்ளைக்காரன் போட்ட போலீஸ் சட்டத்தின் மனப்பான்மை இன்னும் போகவில்லை. அது ஆட்சியில் இருப்பவனைக் காப்பாற்றப் போட்ட சட்டம், புகார் கொடுக்க வந்தவனுக்காகப் போட்டதல்ல. பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் ஏழு உத்தரவு போட்டது. விசாரணையையும் சட்டம் ஒழுங்கையும் பிரியுங்கள், நல்லபடியாக வேலை பார்க்கும் அதிகாரியை இரண்டு வருஷம் முடியும் முன் மாற்றாதீர்கள், போலீஸ் மேல் புகார் சொல்ல தனி ஆணையம் வையுங்கள் என்றெல்லாம். எந்தக் கட்சி ஆண்டாலும் அதை முழு மனசோடு செய்யவில்லை, ஏனென்றால் டிரான்ஸ்ஃபர் அதிகாரம் கையை விட்டுப் போய்விடும்.

2024இல் மட்டும் சைபர் மோசடியில் நாட்டு மக்கள் இழந்தது 22,845 கோடி என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. முந்தைய வருஷம் 7,465 கோடி. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு! விசாரணைக்கென்று தனி ஆட்களைப் பிரித்து, அவர்களைப் பந்தோபஸ்துக்கு இழுக்கவே கூடாது என்று ஒரு விதி போட இன்னும் எவ்வளவு கோடி போக வேண்டும்?

செம்மண் பூமி:

இன்னொன்று சொல்ல வேண்டும். வைகைக்கரை, உங்கள் அப்பாவை மிரட்டினவனே கைதியாக இருந்திருக்கலாம். எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஏஜென்ட்டுக்குக் காசு கட்டிப் போனான். இறங்கியதும் ஆற்றைக் கடக்க வைத்து மியான்மருக்குள் கொண்டுபோய்ப் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிவிட்டார்கள். தினமும் இத்தனை பேரை ஏமாற்றவில்லை என்றால் அடி, சாப்பாடு கிடையாது. 2022இல் தாய்லாந்து எல்லையோரம் இருக்கும் மியான்மர் ஊரான மியாவாடியிலிருந்து நம் தமிழ்ப் பையன்கள் மீட்கப்பட்டு வந்தார்களே, அதே கதைதான். அங்கே ஆயுதக் குழுக்கள் கையில்தான் நிலம். நம் ஊர் சைபர் இன்ஸ்பெக்டர் அங்கே யாருக்கு லெட்டர் போடுவார்? ஆனால் ஆள் பிடித்து அனுப்பிய ஏஜென்ட் நம் ஊரில்தான் இருக்கிறான், அவனைப் பிடிக்க விமானம் ஏற வேண்டியதில்லை. அந்தப் பையனின் அம்மா கொடுத்த புகார் என்ன ஆனது என்று இன்றுவரை தெரியவில்லை.

கறுப்பு அங்கி:

வழக்கறிஞர். சுருக்கமாக. 1930 புகாரின் ஒப்புகை எண்ணை வைத்து, எந்தக் கணக்கில் எவ்வளவு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். கொஞ்சமாவது நின்றிருந்தால், குற்றவாளி பிடிபடும் வரை காத்திருக்கத் தேவையில்லை, பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 503ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டு அந்தத் தொகையைக் கேட்கலாம். மனுதாரர் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். வங்கி ஸ்டேட்மென்ட், எஃப்.ஐ.ஆர். நகல் இரண்டும் கட்டாயம். வீடியோ கால் வந்த போனை ரீசெட் செய்துவிடாதீர்கள், அதுவும் சாட்சியம்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. இன்று போய் எழுதிக் கொடுத்துக் கேட்டேன், 6 லட்சத்தில் 84,000 ஒரு கணக்கில் நிற்கிறதாம். இதை மூன்று மாதமாக யாரும் எங்களிடம் சொல்லவில்லை. மனுப் போடலாம் என்றதும் அப்பா மறுக்கிறார். முப்பது வருஷம் பாடம் நடத்தினவன் ஏமாந்து போனேன் என்று கோர்ட்டில் நிற்க வேண்டுமா என்கிறார்.

பழைய ஏட்டு:

வாத்தியாரிடம் போனைக் கொடுங்கள், நான் பேசுகிறேன். நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். மதுரை கோர்ட் என்றால் மனுப் போடுகிற தேதியையும் சொல்லுங்கள், அன்றைக்கு நானும் வந்து பக்கத்தில் நிற்கிறேன்.