எல்டன் ரிங் கேம்ல மார்கிட்டிடம் தினமும் அடி வாங்குறேன், யாராவது வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே. சிங்கப்பூர் ஈசூன்ல இருக்கேன். பிள்ளைங்க தூங்கின பிறகுதான் எனக்கு எல்டன் ரிங். 2022-ல வந்த கேமை இப்பத்தான் தொடங்கியிருக்கேன், சிரிக்காதீங்க.

ஸ்டார்ம்வேல் கோட்டை வாசல்ல நிக்கிற பாஸ் இந்த மார்கிட், மூணு வாரமா உள்ளேயே விடமாட்டேங்கிறான். கோலை ஓங்கிட்டு அப்படியே நிப்பான். நான் பயந்து உருண்டு முடிச்சதும்தான் இறக்குவான். உயிர் பாதியாகிறப்போ ஒளிச் சுத்தியல் வேற! பக்கத்து வீட்டுக்காரரே "என்ன தம்பி, ராத்திரியில சத்தம்"னு கேட்டுட்டார்.

நான் சாமுராய், லெவல் 22, விகர் (உயிர் அளவைக் கூட்டுறது) 14, உச்சிகட்டானா வாள் +2. ஓநாய் ஆவிகளைக் கூப்பிட்டாலும் சீக்கிரமே காலி.

மர்க்வாட்டர் குகையில பேட்ச்சஸ்ங்கிற வியாபாரி 5,000 ரூனுக்கு (கேம் காசு) விக்கிற விலங்குச் சங்கிலியை வாங்கலாமா? மார்கிட்டைக் கொஞ்ச நேரம் கட்டிப்போடுமாம், ஆனா ரெண்டு தடவைதான். இல்ல, இவனை விட்டுட்டு தெற்கே வீப்பிங் தீபகற்பத்தைச் சுத்தி, தேவாலயங்கள்ல, உயிர் ஏத்துற குடுவையை வலுவாக்குற புனிதக் கண்ணீர் எடுத்து, விகரை 20-க்கு மேல ஏத்திட்டு வரட்டுமா?

பிஎஸ்5 வச்சிருக்கிற யாராவது வெள்ளி ராத்திரி 11 மணிக்கு மேல கூட வந்தா இன்னும் நல்லது. பாஸ்வேர்ட் வச்சுச் சேர்ந்துக்கலாம். கோப்பி என் செலவு.