கீழ்த்தள அலமாரிக்கு என்ன புத்தகம் வாங்கலாம்?

குழு: காந்தி நகர் குடியிருப்போர், காட்பாடி

செயலாளர் சார்: வணக்கம். வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்பு அலமாரியைக் காலி செய்தாகிவிட்டது. பொங்கல் வசூலில் 6,000 ரூபாய் மிச்சம் இருக்கிறது. புத்தகம் வாங்கி வைத்தால் எல்லாரும் எடுத்துப் படிக்கலாம். என்னென்ன வாங்கலாம் என்று இங்கேயே சொல்லுங்கள். குட் மார்னிங் படங்களை இன்று ஒரு நாள் நிறுத்தி வையுங்கள்.

மாடி வீட்டு அக்கா: பொன்னியின் செல்வன்

ரயில்வே அண்ணன்: பொன்னியின் செல்வன்

பி.டெக். தம்பி: படமே பார்த்தாச்சே அக்கா

தமிழ் ஐயா: யார் யார் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது? சொல்லுங்கள்.

மாடி வீட்டு அக்கா: எங்கள் வீட்டில் இருக்கிறது ஐயா

சிஸ்டர் அக்கா: இருக்கிறது. மூன்றாம் பாகத்தை மட்டும் யாரோ வாங்கிப் போனார்கள், வரவில்லை. இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள்.

பாய்: எங்கள் வீட்டிலும் இருக்கிறது. சிஸ்டர், அது நான் இல்லை.

தமிழ் ஐயா: அப்புறம் எதற்கு அதற்குக் காசு? ஐந்து பாகம் ஒரு தட்டையே அடைத்துக்கொள்ளும். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனது, இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஆனால் படித்தவர்கள் ஒன்று செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்பாடி போய் வாருங்கள். சுந்தர சோழரின் அப்பா அரிஞ்சயனுக்கு இராசராசன் எடுத்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த அரசனின் நினைவுக் கோயில், அங்கே பொன்னை ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. வந்தியத்தேவன் வாணர் குலத்துப் பிள்ளை. அந்த வாணர்களின் கல்வெட்டு நம் திருவல்லம் கோயிலில் இருக்கிறது. ராணிப்பேட்டை பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் தினமும் போகிறோம். யாரும் தலையைத் திருப்புவதில்லை.

ரயில்வே அண்ணன்: ஐயா, மேல்பாடியில் இப்படி ஒன்று இருப்பது இத்தனை நாள் தெரியாது. வண்டி எடுக்கிறேன், வருகிறீர்களா?

செயலாளர் சார்: சுற்றுலா தனியாகப் பேசலாம். பட்டியல், பட்டியல்.

தமிழ் ஐயா: என் முதல் ஓட்டு மு.வ.வின் அகல் விளக்கு. 1961-இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. மு.வ. 1912-இல் திருப்பத்தூரில் பிறந்தவர், வாலாசா பக்கம் வேலம்தான் சொந்த ஊர். கதையும் வாலாசாவில்தான் தொடங்குகிறது. சந்திரன், வேலய்யன் என்று இரண்டு நண்பர்கள். ஒருவன் அழகன், கெட்டிக்காரன், நிலைகொள்ளாதவன். இன்னொருவன் சாதாரணமானவன், நிதானமாக நடப்பவன்.

பி.டெக். தம்பி: ஐயா, தாத்தா கொடுத்துப் பாதி படித்தேன். நடுநடுவே ஒரே அறிவுரையாக இருக்கிறதே?

தமிழ் ஐயா: இருக்கும் தம்பி. அவர் வாத்தியார், வேறு எப்படி எழுதுவார்? நாற்பது வயதுக்கு மேல் படித்தால் அந்த அறிவுரை அவ்வளவாக உறுத்தாது. உனக்கு இப்போது வேண்டாம், வேறு சொல்கிறேன்.

மாடி வீட்டு அக்கா: என் பெண் நாலாவது படிக்கிறாள். அவளுக்கு ஏதாவது சொல்லுங்கள். தெனாலிராமன், பீர்பால் எல்லாம் முடிந்துவிட்டது.

டீச்சர்: டோட்டோ-சான், ஜன்னலில் ஒரு சிறுமி. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். ஜப்பானில் டெட்சுகோ குரோயநாகி தன் சிறு வயதைப் பற்றி எழுதியது, தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது. வகுப்பு நடக்கும்போது ஜன்னலில் நின்று தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூப்பிடுகிறாள் என்று ஒரு பள்ளியில் சீட்டைக் கிழித்துவிடுகிறார்கள். அடுத்த பள்ளியில் வகுப்பறையே பழைய ரயில் பெட்டி. முதல் நாள் தலைமையாசிரியர் அவளை உட்கார வைத்து, அவள் பேசி முடிக்கும் வரை மணிக்கணக்கில் கேட்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் படித்திருந்தால் சில பிள்ளைகளிடம் வேறு மாதிரி நடந்திருப்பேன்.

ரயில்வே அண்ணன்: ரயில் பெட்டியில் பள்ளிக்கூடமா? முதலில் எனக்குக் கொடுங்கள், அப்புறம் பாப்பாவுக்கு.

சிஸ்டர் அக்கா: டீச்சர், அதில் போலியோ வந்த ஒரு பையன் வருவானே, அவனை மரத்தில் ஏற்றிவிடுவாள். அவன் பிற்பாடு இறந்துவிடுவான். போர் வந்து பள்ளியும் எரிந்துபோகும். பாப்பா அழுதால் யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

மாடி வீட்டு அக்கா: ஐயோ. சரி, நானே கூட உட்கார்ந்து படிக்கிறேன்.

ஷூ கம்பெனி அண்ணன்: நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு புத்தகம் கண்டிப்பாகச் சொல்லுவேன். டி.செல்வராஜ் எழுதிய தோல். 2012-இல் சாகித்ய அகாதெமி கொடுத்தார்கள். திண்டுக்கல் தொழிற்சாலைகளில் தோல் பதனிடுகிறவர்களின் கதை, சங்கம் கட்டி நின்ற கதை. பெரிய புத்தகம். யூனியன் ஆபீஸில் இருந்ததை எடுத்து வந்து, வைக்க மனசு வராமல் படித்தேன். சுண்ணாம்புக் குழியில் இறங்கி நிற்கிறவன் காலைப் பற்றி எழுதியிருப்பார் பாருங்கள், என் அப்பா காலை அப்படியே பார்த்த மாதிரி இருந்தது. அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டை, கடுக்காய். இப்போது குரோம். குழி மாறியிருக்கிறது, வாடை மாறவில்லை.

பாய்: உண்மை அண்ணே. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று இவ்வளவு தோல் ஷெட் இருக்கும் நம் பக்கத்தைப் பற்றி அப்படிப் பெரிதாக ஒரு நாவல் என் கண்ணில் படவில்லை. திண்டுக்கல்லுக்கு ஒருவர் கிடைத்திருக்கிறார்.

டீச்சர்: தோலைப் பற்றி இல்லாவிட்டாலும் நம் மண்ணைப் பற்றி எழுதியவர் இருக்கிறார் பாய். பேரணாம்பட்டு அழகிய பெரியவன். தகப்பன் கொடி படியுங்கள். நிலமும் சாதியும் தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தை என்ன செய்கிறது என்று எழுதியிருப்பார். வல்லிசை என்ற அவருடைய இன்னொரு நாவல் பறை அடிப்பவர்களைப் பற்றியது. அதில் வரும் பேச்சு நம் பக்கத்துப் பேச்சு. மதுரைத் தமிழையும் நெல்லைத் தமிழையும் நாவலில் படித்துப் பழகிய நமக்கு, நம் பேச்சையே அச்சில் பார்க்க முதலில் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும்.

செயலாளர் சார்: குடியிருப்பில் சாதி கீதி என்று பிரச்சினை வராதே?

டீச்சர்: புத்தகத்தால் வராது சார். இருந்தால் ஏற்கெனவே இருக்கும்.

தமிழ் ஐயா: வாங்குங்கள். இதில் இரண்டாவது பேச்சே வேண்டாம்.

செயலாளர் சார்: சரி சரி, எழுதிக்கொண்டேன்.

மாடி வீட்டு அக்கா: ரமணிசந்திரன் நாவல் இரண்டு மூன்று போடலாமா?

தமிழ் ஐயா: அம்மா, பொதுக்காசில் அதையுமா?

மாடி வீட்டு அக்கா: ஏன் ஐயா? பாப்பா கைக்குழந்தையாக இருந்தபோது ராத்திரி பதினொரு மணிக்குமேல்தான் எனக்கு நேரம். அந்த நேரத்தில் கண்ணீரும் கம்பலையுமாக எதையும் படிக்க முடியாது. கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று தெரிந்த கதைதான் வேண்டும். அதில்தான் எனக்குப் படிக்கிற பழக்கமே மிச்சம் ஆனது.

சிஸ்டர் அக்கா: நான் அக்கா கட்சி. ஐயா, குடும்ப நாவல் என்று நீங்கள் ஒதுக்கும் வகையில் எழுதிய லட்சுமி ஒரு டாக்டர். ஒரு காவிரியைப் போல நாவலுக்கு 1984-இல் சாகித்ய அகாதெமியே பரிசு கொடுத்தது. எங்கள் ஹாஸ்டலில் அவர் நாவலுக்கு வரிசையில் நிற்போம்.

தமிழ் ஐயா: சரி அம்மா, லட்சுமியும் ரமணிசந்திரனும் இருக்கட்டும். தட்டு மட்டும் என் கண் உயரத்தில் வேண்டாம்.

மாடி வீட்டு அக்கா: கண் உயரத்தில்தான் வைப்போம் ஐயா

பி.டெக். தம்பி: அக்கா 1, ஐயா 0

செயலாளர் சார்: சிஸ்டர், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சிஸ்டர் அக்கா: இரண்டு சொல்கிறேன், இரண்டும் ஆங்கிலம். வேலூரில் இருக்கும் எங்கள் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் கதை. ஐடா ஸ்கடரைப் பற்றி டோரதி கிளார்க் வில்சன் எழுதிய டாக்டர் ஐடா. திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க வரச் சொல்கிறார்கள். ஐடா அப்போது டாக்டர் இல்லை, சின்னப் பெண். அவருடைய அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டரை உள்ளே விட அவர்களுக்குச் சம்மதமில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதற்கப்புறம்தான் ஐடா மருத்துவம் படிக்கப் போனார். 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலில் ஆரம்பித்தார். இந்தக் கதையை ஊரில் எல்லாரும் சொல்வார்கள், ஆனால் புத்தகத்தில் படித்தவர்கள் குறைவு.

இன்னொன்று டாக்டர் பால் பிராண்ட், பிலிப் யான்சியோடு சேர்ந்து வலியைப் பற்றி எழுதியது, தி கிஃப்ட் ஆஃப் பெயின். தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போய்விடுவதால் சூடும் காயமும் தெரியாமல்தான் கை கால் கெடுகிறது என்று வேலூரில் வேலை செய்து நிரூபித்தவர் அவர். சிலருக்கு ராத்திரியில் விரல் குறைவது ஏன் என்று காவல் இருந்து பார்த்தார்கள். எலி கடித்துப் போகிறது, தூங்குகிறவருக்கு வலிக்கவில்லை. அதன்பின் வீட்டுக்கு அனுப்பும்போது கூடவே ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள். கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூனைதான் ஞாபகம் வரும்.

பி.டெக். தம்பி: சிஸ்டர், இதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். ப்ளீஸ்.

டீச்சர்: ஆஸ்பத்திரி என்றதும் இமையத்தின் செல்லாத பணம் ஞாபகம் வருகிறது. 2020 சாகித்ய அகாதெமி.

சிஸ்டர் அக்கா: டீச்சர், அது நல்ல நாவல், சந்தேகமே இல்லை. தீக்காய வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் குடும்பம்தான் கதை முழுக்க. ஆனால் வீட்டில் நோயாளி வைத்திருப்பவர்கள் கையில் கொடுக்காதீர்கள். இந்த ஊரில் லாட்ஜ் லாட்ஜாக வெளியூர்க்காரர்கள் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பாதியில் மூடி வைத்து, ஒரு மாதம் கழித்துத்தான் முடித்தேன். அலமாரியில் இருக்கட்டும், யார் எடுக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.

ரயில்வே அண்ணன்: எனக்கு நைட் டூட்டி. ஜங்ஷனில் வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே இருபது நிமிஷம் கிடைத்தால் பெரிது. நாவல் எல்லாம் ஒத்துவராது.

தமிழ் ஐயா: உங்களுக்குப் புதுமைப்பித்தன். கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் என்ற கதையை முதலில் எடுங்கள். கடவுள் சென்னைக்கு வந்து பிள்ளையோடு ஓட்டலில் காப்பி குடிக்கிறார். சிரித்தால் பிளாட்பாரத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கட்டுரை வேண்டுமானால் தொ.பரமசிவனின் அறியப்படாத தமிழகம். உப்பு, எண்ணெய், உலக்கை என்று தினமும் கையில் படுகிற பொருளை எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று பக்கத்தில் அதன் பின்னால் இருக்கும் வரலாற்றைச் சொல்லிவிடுவார். சின்னப் புத்தகம், சட்டைப் பைக்குள் கிட்டத்தட்ட போகும்.

பாய்: நான் தோப்பில் முகமது மீரான் சொல்கிறேன். ஒரு கடலோர கிராமத்தின் கதை என்ற நாவல். குமரிப் பக்கத்து முஸ்லிம்கள் பேச்சு, முதல் இருபது பக்கம் எனக்கே பாதி புரியவில்லை, வீட்டில் நாங்கள் உருது. ஆனால் ஊர்ப் பெரிய மனுஷனின் அதிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுவதை எந்த ஊர்க்காரனும் புரிந்துகொள்வான்.

மாடி வீட்டு அக்கா: செயலாளர் சாரும் படிக்க வேண்டிய புத்தகம் போல

செயலாளர் சார்: பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் அம்மா

பி.டெக். தம்பி: எங்கள் வயசுக்கு யாருமே சொல்லவில்லை. நானே சொல்கிறேன். சுஜாதாவின் என் இனிய இயந்திரா. ஜீனோ என்ற ரோபோ நாய், புத்தகம் படிக்கும், கிண்டல் அடிக்கும். எண்பதுகளில் எழுதியது. அவர் சொன்ன எதிர்காலம் இப்போது நமக்குக் கடந்த காலம் ஆகிவிட்டது, ஆனாலும் ஆளுக்கொரு எண் கொடுத்து அரசாங்கம் கண்காணிப்பதைப் படிக்கும்போது சிரிப்பு வரவில்லை. த்ரில்லர் என்றால் கொலையுதிர் காலம். பேயா, விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் கடைசிவரை சண்டை போடுவார்கள்.

ரயில்வே அண்ணன்: ராத்திரி டூட்டியில் அதைப் படிக்கலாமா?

பி.டெக். தம்பி: வேண்டாம் அண்ணா

டீச்சர்: தம்பிக்கு ஜிம் கார்பெட்டின் குமாயுன் புலிகளும் பிடிக்கும். தி.ஜ.ர. மொழிபெயர்த்தது. ஆட்கொல்லிப் புலியைத் தேடிப் போகும்போது ஒடிந்த புல்லைப் பார்த்தே எவ்வளவு நேரம் முன்பு போனது என்று சொல்வார். ஜவ்வாது மலைக்கு டிரெக்கிங் போய் ரீல்ஸ் எடுப்பவர்கள் முதலில் இதைப் படிக்கலாம்.

பி.டெக். தம்பி: டீச்சர்!! சரி. வேலூர்க் கோட்டையைப் பற்றி ஏதாவது இருக்கிறதா? 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி, நமக்கெல்லாம் மக்கான் சிக்னலில் இருக்கும் நினைவுத் தூண் அளவுக்குத்தான் தெரியும்.

தமிழ் ஐயா: கா.அ.மணிக்குமார் எழுதிய ஆங்கில நூல் இருக்கிறது, வேலூர் ரிவோல்ட் 1806. கதை மாதிரி ஓடாது, ஆவணங்களை வைத்து எழுதிய ஆய்வு. புதுத் தலைப்பாகை, நெற்றிக் குறி அழிக்கச் சொன்ன உத்தரவு என்று பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். அதற்குப் பின்னால் சம்பளம், அவமானம், கோட்டைக்குள் இருந்த திப்புவின் பிள்ளைகள் என்று எவ்வளவோ இருக்கிறது. ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்வதற்குள் கோட்டை சிப்பாய்கள் கையில் இருந்தது. நம் ஊர் அலமாரியில் இது இல்லாமல் இருக்கக்கூடாது.

செயலாளர் சார்: கூட்டிப் பார்த்தேன். எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் 6,000 தாண்டும் போலிருக்கிறது.

பாய்: மீரானை நான் வீட்டிலிருந்து தருகிறேன். பெயர் எழுதி வைப்பேன், திரும்பி வர வேண்டும்.

ஷூ கம்பெனி அண்ணன்: தோல் ஒரு காப்பி என் கணக்கில். அதற்குப் பொங்கல் பணத்தைத் தொடாதீர்கள்.

சிஸ்டர் அக்கா: டாக்டர் ஐடா என்னிடம் பழைய பதிப்பு இருக்கிறது, பைண்டிங் கொஞ்சம் விட்டிருக்கிறது. ஒட்டித் தருகிறேன். பொன்னியின் செல்வனையும் தருகிறேன், நான்கு பாகம்.

தமிழ் ஐயா: அகல் விளக்கும் புதுமைப்பித்தனும் என்னுடையது.

மாடி வீட்டு அக்கா: அப்படியானால் மிச்சப் பணத்தில் டோட்டோ-சான் இரண்டு காப்பி வாங்கலாம். ஒன்று ரயில்வே அண்ணனிடம் போனால் எப்போது வருமோ.

செயலாளர் சார்: சரி. டோட்டோ-சான் 2, அழகிய பெரியவன் 2, இமையம், தொ.ப., சுஜாதா 2, கார்பெட், லட்சுமி, ரமணிசந்திரன், பிராண்ட், மணிக்குமார். இவை மட்டும் புதிதாக வாங்குவோம். எடுப்பவர்கள் நோட்டில் பெயரும் தேதியும் எழுத வேண்டும், சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்குப் போக யார் வருகிறீர்கள்?

பி.டெக். தம்பி: நான் வருகிறேன் சார். பை நான் தூக்குகிறேன், கொலையுதிர் காலம் முதலில் எனக்கு.

டீச்சர்: நானும் வருகிறேன். பத்து மணிக்கு மேல் என்றால் வசதி.

செயலாளர் சார்: பத்தரை. கேட் பக்கத்தில் நில்லுங்கள்.