கலாநிதிப் பட்ட ஆய்வேட்டை லேடெக்கில் அமைத்தல்: பாமினியில் உள்ள நேர்காணல்களை என்ன செய்வது?

பாலைநிழல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியையாக இருந்துகொண்டே பகுதிநேரமாகக் கலாநிதிப் பட்ட ஆய்வைச் செய்துவருகிறேன். 200 ஏக்கருக்கு மேற்படாத பாசனப் பரப்பைக் கொண்டு கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும் சிறு குளங்களில், சிறுபோக நீரைக் கமக்காரர் அமைப்புகள் எவ்வாறு பங்கிட்டுக்கொள்கின்றன என்பதே ஆய்வுப் பொருள். ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. ஆயினும் கமக்காரரின் கூற்றுகள் அத்தியாயங்களுக்குள்ளும், நேர்காணல்களின் முழுவடிவம் பின்னிணைப்பிலும் தமிழிலேயே இடம்பெற வேண்டும் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார்.

இப்போது எல்லாம் வேர்டில் ஒரே கோப்பாக உள்ளன. இரண்டாம் அத்தியாயத்தில் புதிதாக ஓர் அட்டவணையைச் செருகினால், ஐந்தாம் அத்தியாயத்தில் உள்ள குளத்தின் வரைபடம் தன் தலைப்பை முன்பக்கத்தில் விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. முன்பக்கங்களுக்கு இட்ட உரோமன் இலக்கங்கள் முதலாம் அத்தியாயத்துக்குள்ளும் தொடர்கின்றன. அட்டவணைப் பட்டியலில் உள்ள பக்க எண்களை நான் கையாலேயே திருத்திவருகிறேன். உடன் படிக்கும் ஒருவர், கட்டளைகளோடு வெறும் எழுத்துக் கோப்பாக எழுதினால் பக்க அமைப்பைத் தானே செய்துதரும் லேடெக் என்ற மென்பொருளுக்கு மாறும்படி சொல்கிறார். சமர்ப்பிக்க இன்னும் சில மாதங்களே இருக்கும் நிலையில் மாறுவது புத்திசாலித்தனமா? நேர்காணல்களை ஒரு தட்டச்சுக் கடையில் கொடுத்துப் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டேன். அவற்றை அப்படியே பயன்படுத்தலாமா? மேற்பார்வையாளர் வேர்டில் மட்டுமே திருத்தம் இடுவார். எங்கள் பக்கத்தில் மழை தொடங்கினால் மின்சாரம் நிற்கும், இணையமும் கைபேசி வழியாகத்தான் என்பதையும் சேர்த்துக் கருதிப் பதில் தந்தால் பேருதவியாக இருக்கும்.

கனகராயன்

தங்கைக்கு வணக்கம். மென்பொருளுக்கு முன் பாமினியைப் பற்றிப் பேச வேண்டும், ஏனெனில் உங்கள் கேள்வியில் பெரிய வேலை அங்கேதான் கிடக்கிறது. வேர்டில் இருந்தாலும் லேடெக்குக்குப் போனாலும் அந்த வேலையிலிருந்து தப்ப முடியாது.

பாமினியில் தட்டச்சிட்ட பந்தி திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கோப்பினுள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் மட்டுமே. தமிழ் உருவம் அந்த எழுத்துருவில்தான் இருக்கிறது. அதில் ‘மூ’ என்பது நூற்றுவீதக் குறி, ‘கூ’ டொலர் குறி, ‘ரூ’ ஆங்கிலத்தில் ‘அன்ட்’ என்று வாசிக்கும் குறி. தற்செயலாக இம்மூன்றும் லேடெக்கில் கட்டளைக் குறிகள். நூற்றுவீதக் குறிக்குப் பின்னால் அந்த வரியில் எது இருந்தாலும் அச்சாகாது. டொலர் குறி கணித வாய்பாட்டைத் தொடங்கும். அன்ட் குறி அட்டவணையில் அடுத்த நிரலுக்குத் தாவும். ஆகவே மாற்றாமல் ஒட்டினால், கமக்காரர் “மூன்றாம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை” என்று சொன்ன இடத்திலிருந்து அந்தப் பந்தியின் எஞ்சிய பகுதி சத்தமில்லாமல் மறைந்துவிடும்; ‘கூட்டம்’ என்ற சொல்லில் பிழைச்செய்தி வரும்; செலவு அட்டவணையில் ஒவ்வொரு ‘ரூபா’வும் ஒரு நிரலைக் கூட்டிவைக்கும். இவற்றுள் மிகவும் ஆபத்தானது முதலாவதுதான், ஏனென்றால் அது எந்த எச்சரிக்கையும் தராது.

எனவே முதலில், தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனிக் குறியெண் தரும் பொதுத் தரமான யுனிக்கோடுக்கு மாற்றுங்கள். வேர்டின் தேடல் பெட்டியில் சொல்லுக்குப் பதிலாக எழுத்துருவைக் கொடுத்துத் தேடலாம். பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் அவ்வாறு பிரித்தெடுத்து, பாமினியை யுனிக்கோடாக்கும் மாற்றி நிரலில் இடுங்கள். முழுப் பக்கத்தையும் அள்ளிப் போட்டால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழாக மாறிவிடும். மாற்றிய பின் ‘ர்’ எழுத்தைக் கட்டாயம் சோதியுங்கள். பாமினியில் ‘ர்’ என்பதை அரவுக் குறியின் (‘கா’வில் வரும் கால்) மேல் புள்ளி வைத்தே தட்டச்சிடுவார்கள். சில மாற்றிகள் அதை அப்படியே அரவும் புள்ளியுமாகக் கொண்டுவந்துவிடும். கண்ணுக்கு ‘நீர்’ என்றே தெரியும், ஆனால் ‘நீர்’ என்று தேடினால் அகப்படாது, அகரவரிசையிலும் தவறான இடத்தில் போய் நிற்கும். அரவையும் புள்ளியையும் அடுத்தடுத்துத் தேடி, ‘ர்’ என மாற்றிவிடுங்கள். அதன்பின் ஒலிப்பதிவைக் கேட்டபடி ஒருமுறை வாசித்துப் பாருங்கள். துருசு (மதகு), வான் (மிகுநீர் வழியும் இடம்), பங்குக்காணி போன்ற நம் சொற்களைத் தட்டச்சாளர் தமக்குத் தெரிந்த வேறு சொல்லாக மாற்றியிருக்கவும் கூடும்.

இனி லேடெக். இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் பிடிஎஃப்லேடெக் என்ற இயந்திரத்தைப் பயன்படுத்தச் சொல்லும்; தமிழுக்கு அது வேண்டாம். லேடெக்கின் அடித்தளமான டெக்கை டொனால்ட் குனூத் உருவாக்கிய 1970களின் இறுதியில் யுனிக்கோட் என்ற ஒன்றே இருக்கவில்லை, அந்த மரபின் சுமை பிடிஎஃப்லேடெக்கில் இன்றும் உண்டு. 2004இல் ஜொனதன் கியூ வெளியிட்ட ஸீடெக்கின் வழிவந்த ஸீலேடெக், கணினியில் உள்ள எந்த யுனிக்கோட் எழுத்துருவையும் நேரடியாக எடுத்துக்கொள்ளும். நோட்டோ செரிப் தமிழ் என்ற எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது, அச்சிலும் நன்றாக நிற்கிறது. எழுத்துருவை அறிவிக்கும் வரியில் வரிவடிவம் தமிழ் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ‘கெ’ என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். புதிதாக வருபவர்கள் லேடெக்குக்குத் தமிழ் வராது என்று முடிவு செய்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பல மொழிகளைக் கையாளும் பொலிகுளோசியா என்ற பொதியில் (பொதி என்பது லேடெக்கோடு சேர்க்கும் துணைநிரல்) ஆங்கிலத்தை முதன்மை மொழியாகவும் தமிழை மற்ற மொழியாகவும் அறிவித்து, ஒவ்வொரு நேர்காணல் பகுதியையும் தமிழ்ச் சூழலுக்குள் இடுங்கள். அப்போதுதான் நீண்ட சொற்களை வரி முடிவில் தமிழ் விதிப்படி பிரிக்கும். இல்லையேல் ‘கமக்காரரமைப்புகளுக்கிடையிலான’ என்பது போன்ற சொல் வலப்புற ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும்.

இன்னொரு நுணுக்கம். ஒரே புள்ளியளவில் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தை விடப் பெரிதாகத் தெரியும். தமிழ் எழுத்துருவை 0.85 முதல் 0.9 மடங்குக்குச் சுருக்கி ஒரு பக்கத்தை அச்சிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். மேற்கோள் பந்திகளை ஒற்றை இடைவெளியில் இட்டால் மேல்வரியின் ‘கூ’, ‘ளு’ போன்றவற்றின் அடிப்பகுதி கீழ்வரியின் கொக்கிகளோடு நெருங்கும் என்பதால், அங்கே மட்டும் வரியிடைவெளியைச் சற்றுக் கூட்டுவது நல்லது.

வான்கதவு

கனகராயன் எழுதியதில் பாமினி பற்றிய பகுதி முழுவதும் சரி. ஆனால் மாறும்படி சொல்வதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும்: கேள்வியில் சொல்லப்பட்ட குறைகளுள் எது வேர்டின் குறை? உரோமன் இலக்கம் முதலாம் அத்தியாயத்துக்குள் தொடர்வது, அத்தியாயத்தின் முன் பிரிவு முறிப்பு இடாததாலும், இட்ட பின் முந்தைய பிரிவுடனான இணைப்பை நீக்காததாலும் வருவது. பட்டியலில் பக்க எண்ணைக் கையால் திருத்துவதற்குக் காரணம், தலைப்புகளைப் பாணியாக (ஸ்டைல்) வரையறுக்காமல் எழுத்தைத் தடிப்பாக்கி மட்டும் விட்டிருப்பது. படத்தைப் ‘பந்தியோடு சேர்ந்தே இரு’ என்று அமைத்து, அடுத்த பந்தியுடன் இணைத்துவைத்தால் தலைப்பை விட்டு ஓடாது. இம்மூன்றையும் ஒரு வார இறுதியில் சரிசெய்துவிடலாம்.

வேலைக்குப் போய்க்கொண்டு எழுதுபவர் சமர்ப்பிக்கச் சில மாதங்கள் இருக்கையில் புதிய கருவியைக் கற்பது, நீண்ட அட்டவணையொன்று பக்கத்துக்குள் அடங்காமல் நிற்கும் இரவில்தான் உண்மையான விலையைக் காட்டும். மேற்பார்வையாளரும் வேர்டில் மட்டுமே திருத்துகிறார். நான் என்றால் வேர்டிலேயே இருப்பேன். ஒரே கோப்பை மட்டும் அத்தியாயம் வாரியாகப் பிரிப்பேன்.

பாலைநிழல்

இருவருக்கும் நன்றி. பாணிகளை நான் பயன்படுத்தவில்லை என்பது உண்மை. என்றாலும் என்னைத் தயங்கவைப்பது உசாத்துணைப் பட்டியல். தமிழ் நூல்கள், திணைக்கள அறிக்கைகள், ஆங்கிலக் கட்டுரைகள் எல்லாம் கலந்திருக்கின்றன. தமிழ்ப் பெயர்களில் குடும்பப் பெயர் எது என்று மென்பொருள் கேட்கும்போது என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. அகரவரிசையும் குழம்புகிறது: கனகரத்தினம் என்பவர் கமலநாதனுக்கும் கருணாகரனுக்கும் முன்னால் வந்து நிற்கிறார். இதற்கு லேடெக்கில் தீர்வு உண்டா?

மாங்குளம்சந்தி

உண்டு. லேடெக்குக்கு மாறுவதற்கு வலுவான காரணமாக நான் கருதுவதும் இதைத்தான்.

கனகரத்தினம் முன்னால் வருவதற்குக் காரணம், யுனிக்கோட் அட்டவணையில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்து, ‘ப’வுக்கு முன்னால் வைக்கப்பட்டிருப்பது. ‘ற’வும் அங்கே ‘ர’வுக்கு அடுத்து நிற்கிறது. நம் வரிசையிலோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று ‘ன’ கடைசியில் வரும். லேடெக்கில் உசாத்துணைப் பட்டியலை அடுக்கும் பழைய நிரலான பிப்டெக் எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்து அடுக்குவதால் அதே குழப்பம் அங்கும் வரும். பிப்லேடெக் பொதியோடு பைபர் என்ற நிரலைப் பயன்படுத்தி, வரிசைப்படுத்தும் மொழி தமிழ் என்று அறிவித்தால் கமலநாதன், கருணாகரன், கனகரத்தினம் என்று உரிய முறையில் வரும். தமிழ் நூல்களுக்கெல்லாம் தரவுக் கோப்பில் ஒரு குறிச்சொல் இட்டுவைத்தால், தமிழ்ப் பட்டியலைத் தனியாகவும் ஆங்கிலப் பட்டியலைத் தனியாகவும் அச்சிடலாம். இரண்டையும் ஒரே வரிசையில் கலப்பதை விடப் பரீட்சகருக்கும் அது வசதி. ஆனால் உங்கள் பீடத்தின் விதிகள் தனிப் பட்டியலை அனுமதிக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

பெயர் விடயத்தில், நபரின் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயருக்குரிய இடத்திலும், தந்தையின் பெயரையோ அதன் தலைப்பெழுத்தையோ மற்ற இடத்திலும் கொடுங்கள். அதாவது முதலில் பெயர், பிறகு காற்புள்ளி, பிறகு தலைப்பெழுத்து. நாம் வழக்கமாக எழுதுவது போல ‘சி.கனகரத்தினம்’ என்று இடைவெளியின்றி ஒட்டி எழுதினால், மென்பொருள் அதை ஒரே சொல்லாகக் கொண்டு ‘சி’யின் கீழ் போட்டுவிடும். நிறுவனங்களில் இன்னும் கவனம் வேண்டும். ‘கமநல அபிவிருத்தித் திணைக்களம்’ என்று வெறுமனே கொடுத்தால், கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எண்ணித் ‘திணைக்களம், க. அ.’ என்று ஓர் ஆளை உருவாக்கிவிடும். அந்த ‘ஆள்’ ஆய்வேடு முழுவதும் மேற்கோள் காட்டப்படுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் வாய்மொழிப் பரீட்சையில் அல்ல. நிறுவனப் பெயரை இரட்டை அடைப்புக்குள் இட்டால் பிரிக்காமல் விட்டுவிடும்.

நீங்கள் ஏற்கெனவே உசாத்துணைகளை ஸொட்டேரோ என்ற மேற்கோள் மென்பொருளில் சேர்த்துவைத்திருந்தால் அதிலிருந்தே தரவுக் கோப்பை ஏற்றுமதி செய்யலாம். மீண்டும் தட்டச்சிடத் தேவையில்லை. வேர்டில் இருக்க முடிவு செய்தாலும் பெயர்களை இவ்வாறே ஸொட்டேரோவில் ஒழுங்குபடுத்துங்கள்.

கனகராயன்

வான்கதவு சொன்னது நியாயமான கேள்வி. வேர்டில் எழுதி முடித்து, பாணிகளை ஒழுங்காக வைத்திருப்பவரை நானும் மாறச் சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே பாணிகளே இல்லை, எனவே எந்தப் பக்கம் போனாலும் ஒவ்வொரு தலைப்பையும் ஒவ்வோர் அட்டவணையையும் மறுபடி தொட்டே ஆக வேண்டும். இருமொழி உசாத்துணையும் நீண்ட தமிழ்ப் பின்னிணைப்பும் இருப்பதால், அந்த உழைப்பை லேடெக்கில் போடுவதே மேல் என்பது என் கருத்து.

மேற்பார்வையாளரைப் பொறுத்தவரை, அவர் இன்னும் திருத்திக்கொண்டிருக்கும் அத்தியாயங்களை வேர்டிலேயே விடுங்கள்; அவர் ஒப்புக்கொண்டவற்றை மட்டும் ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள். வேர்டில் தலைப்புப் பாணிகளை இட்டுவிட்டுப் பண்டொக் என்ற நிரலால் மாற்றினால், பந்திகளும் தலைப்புகளும் பெரும்பாலும் ஒழுங்காக வரும். அட்டவணைகளை மட்டும் கையால் சீர்செய்ய வேண்டியிருக்கும். கொண்டுவந்த பின் அவர் மாற்றம் கேட்டால், லேடெக்டிஃப் என்ற கருவி பழைய பிரதிக்கும் புதிய பிரதிக்கும் இடையிலான வேறுபாடுகளை நிறமிட்டு ஒரு பிடிஎஃப்பாகத் தரும். வேர்டில் திருத்தங்களைக் காண்பது போலவே அவர் அதைப் பார்க்கலாம்.

மின்சாரமும் இணையமும் நிலையில்லாத இடத்தில் ஓவர்லீஃப் போன்ற இணையவழிச் சேவையை நம்ப வேண்டாம். இலவசக் கணக்கில் ஒரு தடவை தொகுப்பதற்கு, அதாவது கோப்பைப் பிடிஎஃப்பாக ஆக்குவதற்கு, தரப்படும் நேரமும் குறைவு, வரைபடங்கள் நிறைந்த ஆய்வேடு அதற்குள் அடங்குவது கடினம். லேடெக்கைக் கணினியில் நிறுவித்தரும் தொகுதிகளுள் மிக்டெக் அவ்வப்போது தேவையான பொதிகளை இணையத்திலிருந்து இறக்கும் வகையில் அமைந்தது என்பதால், உங்களுக்கு டெக்லைவ்வே பொருத்தம். அதன் முழு நிறுவல் வட்டுப்படிமம் பல ஜிகாபைட் இருக்கும், அதைக் கைபேசித் தரவில் இறக்காதீர்கள். வவுனியாவிலோ கிளிநொச்சி அறிவியல்நகரிலோ பல்கலைக்கழக வலையமைப்பை உரிமையோடு பயன்படுத்தக்கூடிய ஒருவர் மூலம் பென்டிரைவில் எடுத்துக்கொண்டால், அதன்பின் இணையமே இல்லாமல் வேலை செய்யலாம். லேடெக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு ஆதலால் பழைய மடிக்கணினியிலும் இலகுவாகத் திறக்கும். சேமித்த பின் மின்சாரம் நின்றால் போவது தொகுப்பு மட்டுமே, எழுதியது போகாது. அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு வைத்து, வேலை செய்யும் அத்தியாயத்தை மட்டும் தொகுக்கும் வசதியையும் பயன்படுத்துங்கள். மற்ற அத்தியாயங்களின் பக்க எண்களும் குறுக்குச் சுட்டுகளும் முந்தைய தொகுப்பிலிருந்து அப்படியே நிற்கும், பற்றரியும் மிச்சமாகும்.

பாலைநிழல்

அப்படியானால் நேர்காணல்களை மாற்றுவதிலிருந்து தொடங்குகிறேன். கடைசியாக ஒன்று: கட்டுவதற்காக இடப்புற ஓரத்தைக் கூடுதலாக விட வேண்டும் என்று பீட விதி சொல்கிறது. ஒருபக்க அச்சுக்கு இதை எங்கே அமைப்பது?

மாங்குளம்சந்தி

ஜியோமெட்ரி பொதியில் நான்கு ஓரங்களையும் தனித்தனியாக மில்லிமீற்றரில் கொடுக்கலாம். ஒருபக்க அச்சு என்பதை ஆவண வகுப்பின் தெரிவிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையேல் புத்தக வகுப்பு இரட்டைப் பக்கங்களில் ஓரத்தை மறுபக்கம் மாற்றிவிடும். கிடையாகத் திருப்பிய அட்டவணைப் பக்கங்களில் அட்டவணையின் தலைப்பகுதி கட்டும் பக்கம் இருக்க வேண்டும், கூடுதல் ஓரமும் அந்தப் பக்கமே. அச்சகத்தில் பிடிஎஃப்பைக் கொடுக்கும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்னும் தெரிவை நீக்கி 100 வீதத்தில் அச்சிடச் சொல்லுங்கள். அதை விட்டால் முழுப் பக்கமும் சற்றுச் சுருங்கி, நீங்கள் கொடுத்த ஓரங்கள் அளவுகோலில் மாறிவிடும். முழுவதையும் அச்சிடுவதற்கு முன் ஒரே ஒரு பக்கத்தை எடுத்து அளந்து பாருங்கள்.