பட்டுக்கோட்டை பக்கம் லோக்கல் ஃபைபர் எடுக்கலாம்னு இருக்கேன், எதை பாத்து முடிவு பண்றது?

ஊருக்குவந்தவன்:
எல்லாருக்கும் வணக்கம். சென்னைல எட்டு வருசம் இருந்துட்டு அம்மாவுக்கு உடம்பு முடியலன்னு ஊரோட வந்துட்டேன், பட்டுக்கோட்டைல இருந்து ஒரு ஏழு கிலோமீட்டர் உள்ள. வேலை வீட்ல இருந்துதான், தினம் சாயங்காலம் 6 மணில இருந்து ராத்திரி 11 வரைக்கும் ஆபிஸ் வீடியோ கால் ஓடும். ரெண்டு மாசமா மொபைல் ஹாட்ஸ்பாட்லயே ஓட்டிட்டேன், இனிமே முடியாது, முந்தாநாள் நான் பேசிட்டு இருக்கும்போதே கட்டாகி திரும்ப உள்ள வர்றதுக்குள்ள மீட்டிங்கே முடிஞ்சிருச்சு.

இங்க ரெண்டு வழிதான் இருக்கு. கேபிள் டிவி நடத்துற அண்ணன் சொந்தமா ஃபைபர் இழுத்து நெட்டு குடுக்குறாரு, 100 எம்பிபிஎஸ் 500 ரூபா, ஜிஎஸ்டி சேத்தா 590. இன்னொருத்தர் பிஎஸ்என்எல் ஃபைபர பார்ட்னரா எடுத்து நடத்துறாரு, விலை கிட்டத்தட்ட அதேதான். ரெண்டு பேரும் "நம்ம லைன் சூப்பரா இருக்கும் தம்பி"ன்னுதான் சொல்றாங்க. நல்ல ஆளுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

குடந்தை_அக்கா:
தம்பி, ஸ்பீடு எல்லாம் அப்புறம். உங்க தெருவுல ஏற்கனவே கனெக்‌ஷன் வச்சிருக்கிற நாலு வீட்டுக்கு போய் ஒண்ணே ஒண்ணு கேளுங்க, போன தடவை நெட்டு போனப்ப ஆள் வர்றதுக்கு எவ்வளவு நேரமாச்சுன்னு. அதுலயே பாதி தெரிஞ்சிரும்.

நான் முதல்ல ஒரு பெரிய கம்பெனி கனெக்‌ஷன்தான் வச்சிருந்தேன், ஓடுற வரைக்கும் ஒரு குறையும் இல்ல. ஒரு நாள் மோடத்துல சிகப்பு லைட் எரிஞ்சுது, கஸ்டமர் கேர்ல பேசுனவங்களுக்கு எங்க ஊர் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியல, 48 மணி நேரத்துல ஆள் வரும்னு மெசேஜ் வந்துச்சு, யாரும் வரல, மூணாம் நாள் "உங்க புகார் சரி செய்யப்பட்டது"ன்னு அவங்களே மூடிட்டாங்க. ஆறு நாள் ஆச்சு. பொண்ணு ஆன்லைன் க்ளாஸ் அட்டென்ட் பண்ண என் தங்கச்சி வீட்டுக்கு தினம் போயிட்டு வந்தா.

அப்புறம் எங்க தெரு கேபிள்காரர்கிட்ட மாத்துனேன். அவருக்கும் லைன் போகும், போகாம இருக்காது. ஆனா ஒரு நாள் ராத்திரி பத்தரைக்கு போன் பண்ணேன், டார்ச்ச எடுத்துட்டு வந்து பக்கத்து வீட்டு வேப்பமரத்துகிட்ட அணில் கடிச்சு வச்சிருந்த இடத்தை காட்டுனாரு, அன்னைக்கே சரி பண்ணிட்டு போனாரு. எனக்கு அதுதான் பெருசு.

ரெண்டு விஷயம் மட்டும் பாத்துக்கோங்க. பணம் கட்டுனா பில்லு குடுக்கணும், புகார் சொன்னா அதுக்கு நம்பர் குடுக்கணும். நம்பர் இருந்தாத்தான் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி கம்பெனியோட அப்பீல் அதிகாரி வரைக்கும் போக முடியும், வெறும் வாட்ஸப் பேச்சு அங்க நிக்காது. அப்புறம் அப்லோடு எவ்வளவுன்னு தனியா கேளுங்க, 100ன்னு சொல்லிட்டு அப்லோடு 20தான் வச்சிருப்பாங்க சில பேரு, உங்க முகமும் குரலும் அந்தப் பக்கம் போறது அப்லோடுலதான்.

ஜாயிண்ட்_அடிக்கிறவன்:
நான் பதினோரு வருசமா ஃபைபர் ஸ்ப்ளைஸிங், அதாவது ஃபைபர ஒட்டி ஜாயிண்ட் அடிக்கிற வேலை பாக்குறேன், தஞ்சாவூர் திருவாரூர் பக்கம். அக்கா சொன்னது சரிதான், அதோட லைன் எப்படி போட்டிருக்காங்கன்னும் பாருங்க, ஏன்னா ஆளு எவ்வளவு நல்லவரா இருந்தாலும் லைன் மட்டமா இருந்தா வாரம் ஒரு தடவை அவர் ஏணியோட உங்க வீட்டு வாசல்லதான் நிப்பாரு.

முதல்ல வீடு வரைக்கும் ஃபைபர்தானான்னு கேளுங்க. இன்னும் சில ஊர்ல தெரு முனை வரைக்கும் ஃபைபர், அங்க யாரோ ஒருத்தர் வீட்டு மாடில ஸ்விட்ச் பெட்டிய மாட்டி அதுல இருந்து லேன் கேபிள் இழுத்திருப்பாங்க. அந்த வீட்ல கரண்ட் போனா மொத்த தெருவுக்கும் நெட்டு போச்சு, இடி இடிச்சா போர்ட்டு போச்சு. முழு ஜிபான் லைன்னா, அதாவது வீடு வரைக்கும் ஃபைபரே வர்ற லைன்னா, நடுவுல ஒரு ஃபைபர பல வீட்டுக்கு பிரிக்கிற ஸ்ப்ளிட்டருக்கு கரண்டே வேண்டாம், உங்க வீட்லயும் அவங்க ஓஎல்டி ரூம்லயும் (எல்லா வீட்டு லைனும் கிளம்புற மெயின் மெஷின் இருக்கிற ரூம்) இருந்தா போதும். அதனால அந்த ரூமுக்கு ஒரு நடை போய் எத்தனை பேட்டரி இருக்கு, எத்தனை மணி நேரம் தாங்கும்னு கேளுங்க. காட்ட யோசிக்கிறவர்கிட்ட நான் வாங்க மாட்டேன்.

அடுத்து பவர் ரீடிங், அதாவது ஃபைபர்ல உங்க வீடு வரைக்கும் வந்து சேர்ற வெளிச்சம் எவ்வளவுன்னு. கனெக்‌ஷன் குடுக்கும்போதே பவர் மீட்டர் வச்சு எவ்வளவு டிபிஎம்னு (வெளிச்சத்தை அளக்குற கணக்கு, மைனஸ் கூடக்கூட வெளிச்சம் கம்மி) காட்ட சொல்லுங்க. மைனஸ் 18ல இருந்து 24 வரைக்கும் இருந்தா நிம்மதி. மைனஸ் 27 ஒட்டி இருந்தா இன்னைக்கு ஓடும், ஒரு மழைக்கு ஜாயிண்ட் பாக்ஸ்குள்ள தண்ணி இறங்குனா சிகப்பு லைட்டுதான். 32 வீட்டுக்கு பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் மட்டுமே அந்த வெளிச்சத்துல 17 டிபி கிட்ட சாப்பிட்டுரும், நல்லா அடிச்ச ஜாயிண்ட் ஒண்ணு 0.1 கூட சாப்பிடாது. மெஷின் இல்லாம கிளிப்ப அமுக்கி விட்டுட்டு போறவங்களாலதான் பாதி பிரச்சினை. பச்சை கனெக்டரையும் நீல கனெக்டரையும் ஒண்ணா சொருகி வச்சிருக்கிற வீடெல்லாம் பாத்திருக்கேன், அது ரெண்டும் சேரவே கூடாது.

ஒரு ஜிபான் போர்ட்ல வர்றது மொத்தமே இரண்டரை ஜிபிபிஎஸ், அதைத்தான் அத்தனை வீடும் பங்கு போட்டுக்குது. அதனால ஸ்பீடு டெஸ்ட்ட பகல்ல பாக்காதீங்க, ராத்திரி 9 மணிக்கு பாருங்க, அதுவும் சர்வர மும்பை இல்லன்னா சிங்கப்பூர்னு நீங்களே மாத்தி வச்சு. அதுவா எடுக்குற சர்வர் பல சமயம் அவங்க நெட்வொர்க்குள்ளயே இருக்கும், அதுல 100 காட்டும். யூட்யூபும் பக்கத்துலயே காப்பி எடுத்து வச்சிருக்கிற கேஷ் சர்வர்ல இருந்து வர்றதால ஜோரா ஓடும், தூரத்து சர்வருக்கு போற உங்க ஆபிஸ் விபிஎன் மட்டும் திணறும்.

பேராவூரணியான்:
நம்ம பக்கத்து ஆளா இருக்கீங்க, அதனால சொல்றேன். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சப்ப ஃபைபர் எல்லாம் ஈபி போஸ்ட்ல கட்டி இருந்துச்சு, போஸ்ட் சாஞ்சப்ப அதுவும் சேந்து போச்சு, தென்னை மொத்தமும் ரோட்டுல கிடந்துச்சு. எங்க கேபிள்காரர் கரண்ட் வர்றதுக்கு முன்னாடியே தெருத்தெருவா புது கேபிள் இழுத்துட்டு இருந்தாரு, அந்த மாசம் யார்கிட்டயும் காசும் வாங்கல. எங்க வீட்ல இன்னும் அவர்தான்.

ஆனா லோக்கல்னாலே நல்லவங்கன்னு நினைச்சிராதீங்க. வேற ஆள் அந்த ஏரியாவுல நுழைய முடியாதுன்னு தெரிஞ்சா போனையே எடுக்காத ஆளுங்களும் இருக்காங்க. அதோட மெயின் லைன் எந்த வழியா வருதுன்னு கேளுங்க. தஞ்சாவூர் ரோடு ஒண்ணுதான்னா எங்கயோ ஜேசிபி தோண்டுனா உங்க வேலை போச்சு. மன்னார்குடி வழியாவோ அறந்தாங்கி வழியாவோ இன்னொரு லிங்க் வச்சிருக்கிறவர்தான் தொழில ஒழுங்கா செய்றவரு.

ஊருக்குவந்தவன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இன்னைக்கு ரெண்டு பேரையும் பாத்துட்டு வந்தேன். கேபிள் அண்ணன் ரூம தொறந்தே காட்டுனாரு, நாலு பெரிய பேட்டரி, எட்டு மணி நேரம் தாங்கும்னாரு, மன்னார்குடி பக்கம் ரெண்டாவது லிங்க் இருக்கு. எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருக்கிற கனெக்‌ஷன்ல மீட்டர் போட்டு காட்டுனாரு, மைனஸ் 22.6. பிஎஸ்என்எல் பார்ட்னரும் நேர்மையா பேசுனாரு, "உங்க தெருவுக்கு ஃபைபர் வர இன்னும் மூணு மாசம் ஆகும், அதுவரைக்கும் அவர்கிட்ட எடுத்துக்கோங்க"ன்னு அவரே சொல்லிட்டாரு. அதனால கேபிள் அண்ணன்கிட்ட ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டிருக்கேன். வருச பிளான் எடுத்தா ரெண்டு மாசம் ஃப்ரீன்னாரு, அதை ஒரு மழை போகட்டும்னு சொல்லிட்டேன். நாளைக்கு காலைல லைன் இழுக்க வர்றாங்க.

ஜாயிண்ட்_அடிக்கிறவன்:
நல்லது தம்பி. லைன் இழுக்கும்போது கூடவே நில்லுங்க. ஜன்னல் ஓரத்துல கேபிள மடக்கி ஆணி அடிச்சிருவாங்க, அந்த இடத்துல மட்டும் வளைவு பெருசா, ஒரு டம்ளர் வாய் அளவுக்காவது இருக்கணும்னு சொல்லுங்க. மோடத்துக்கு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் ஒண்ணு வாங்கிருங்க.

ஊருக்குவந்தவன்:
சரிண்ணே, பவர் எவ்வளவு வந்துச்சுன்னு நாளைக்கு இங்கயே போடுறேன்.